நீதிபதி பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் மீண்டும் வக்கீலாகத் திரும்ப: விதிகள், ஆவணங்கள், செலவு, காலம்

மாவட்ட நீதிபதியாக ஓய்வு பெற்றபின் மீண்டும் வழக்கறிஞராக நிற்பதற்குள் நான் அலைந்த அலைச்சலில் பாதி தேவையற்றது. விதிகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒன்று அரசியலமைப்பில், ஒன்று வழக்கறிஞர்கள் சட்டத்தில், இன்னொன்று வழக்கறிஞர் தொழிலை நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் என்று சிதறிக் கிடக்கின்றன. ஓய்வு பெறும் மாதத்தில் நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். "உங்களுக்கென்ன, நாளைக்கே வக்காலத்து போடலாம்" என்பார் ஒருவர். "நீதிபதியாக இருந்தவர் வாதாடவே கூடாது" என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு. தமிழ்நாட்டில் முன்சீப், சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி பதவிகளில் இருந்து ஓய்வு பெறுகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கான விதியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதை நம் விதியோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

1. உங்களுக்கு எந்த விதி பொருந்தும் என்று முதலில் பாருங்கள்

உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் இந்தியாவில் எந்த நீதிமன்றத்திலும், எந்த அதிகார அமைப்பின் முன்பும் வாதாடக் கூடாது. அரசியலமைப்பின் 124-வது பிரிவின் 7-வது உட்பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. விதிவிலக்கு இல்லை.

உயர் நீதிமன்றத்தின் நிரந்தர நீதிபதியாக இருந்தவருக்கு 220-வது பிரிவு. அவர் உச்ச நீதிமன்றத்திலும் மற்ற உயர் நீதிமன்றங்களிலும் வாதாடலாம். தாம் நீதிபதியாக இருந்த உயர் நீதிமன்றத்தில் முடியாது. மாவட்ட நீதிமன்றம், தீர்ப்பாயம், ஆணையம் எதிலும் முடியாது. இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. "சென்னை உயர் நீதிமன்றத்தில்தானே தடை, ஆந்திராவில் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் நிற்கலாமே" என்று கேட்டவர் உண்டு. நிற்க முடியாது. இடமாற்றத்தில் இரண்டு, மூன்று உயர் நீதிமன்றங்களில் நிரந்தர நீதிபதியாக இருந்தவர் அவை ஒவ்வொன்றையும் விலக்கிக்கொள்வதே அந்தப் பிரிவின் நோக்கத்துக்குப் பொருந்தும். ஒடிசா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக 2023 ஆகஸ்டில் ஓய்வு பெற்ற எஸ். முரளிதருக்கு அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மூத்த வழக்கறிஞர் தகுதி அளித்தது. இந்த வழியில் நடப்பது அதுதான்.

மாவட்ட நீதித்துறையில் இருந்தவருக்கு அரசியலமைப்பில் தடை எதுவும் இல்லை. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 6-வது பகுதி, 3-வது அத்தியாயம், 7-வது விதி இருக்கிறது. ஓய்வு பெற்ற அதிகாரி வழக்கறிஞராகப் பதிவு செய்தால், தாம் கடைசியாக வகித்த பதவிக்குச் சமமான அல்லது அதற்குக் கீழான பதவியில் உள்ளவர் தலைமை வகிக்கும் நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ அதிகார அமைப்பிலோ தொழில் செய்யக் கூடாது. இந்த ஒரு வாக்கியம்தான் உங்கள் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப் போகிறது. அச்செடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. திரும்பத்தான் வேண்டுமா என்று தீர்மானியுங்கள்

இதை விண்ணப்பம் போட்டபின் யோசிப்பவர்கள் பெரும்பாலும் வருந்துகிறார்கள். ஆகவே முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாவட்ட நீதித்துறையில் இருந்தவர் திரும்பி வரலாம், வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சாட்சி விசாரணை எப்படி நடக்கிறது, எங்கே ஆவணம் சான்றாகக் குறிக்கப்படாமல் விடுபடுகிறது, விசாரணை நீதிமன்றத் தீர்ப்பில் எந்தப் பத்தி மேல்முறையீட்டில் நிற்காது என்பதெல்லாம் தீர்ப்பு எழுதியவருக்குத் தெரியும் அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீட்டுக்காகக் காத்திருக்கும் ஒரு சிறு விவசாயிக்கு அந்த அறிவு கிடைக்காமல் போவது இழப்பு.

பதவியின் பெயரை விற்க வருவதானால் வராதீர்கள். கட்சிக்காரர் உங்கள் சட்ட அறிவுக்காக வருகிறாரா, "அந்த நீதிபதி உங்களிடம் பயிற்சி எடுத்தவர்தானே" என்பதற்காக வருகிறாரா என்பதை முதல் சந்திப்பிலேயே உங்களால் அடையாளம் காண முடியும். இரண்டாம் வகை வழக்குக் கட்டை வாங்கினால், நீங்கள் எழுதிய நேர்மையான தீர்ப்புகளையும் சேர்த்து ஊர் சந்தேகிக்கும்.

உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஓய்வு பெற்ற சில வாரங்களிலேயே உச்ச நீதிமன்றத்தில் நிற்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. இருந்தாலும் குறைந்தது 2 ஆண்டு இடைவெளி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு பெருநிறுவனத்தின் வழக்கில் மார்ச்சில் தீர்ப்பு சொல்லிவிட்டு ஜூலையில் அதே நிறுவனத்துக்காக வேறொரு வழக்கில் வாதாடினால், அந்த மார்ச் தீர்ப்பை மக்கள் எப்படிப் படிப்பார்கள்? விதி வரும் வரை அந்த இடைவெளியை அவரவரே வைத்துக்கொள்ளலாம். நமக்கும் அது பொருந்தும்.

இன்னொரு முக்கியமான முடிவு: நீங்கள் வேறு பதவிக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? மாவட்ட நுகர்வோர் ஆணையத் தலைவர், நிரந்தர மக்கள் நீதிமன்றத் தலைவர் போன்ற பதவிகள் மாவட்ட நீதிபதியாக இருந்தவர்களுக்குத் திறந்திருக்கின்றன. முழுநேரச் சம்பளப் பதவியில் இருந்துகொண்டு வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. பார் கவுன்சில் விதிகளின் 49-வது விதி தடுக்கிறது. தொழில் தொடர அனுமதி வாங்கி, ஆறு மாதத்தில் பதவி கிடைத்து, மறுபடி இடைநிறுத்தக் கடிதம் கொடுத்து அலைவதைவிட, பதவியா தொழிலா என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். அத்தகைய பதவியை வகித்தபின் தொழிலுக்கு வந்தால், 7-வது விதியில் வரும் "கடைசியாக வகித்த பதவி" அதுவாகிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அந்த விதியில் "அதிகாரி" என்பதற்குள் தீர்ப்பாய உறுப்பினரும் அடங்குகிறார்.

3. நீங்கள் எங்கே நிற்கலாம் என்று பட்டியல் போடுங்கள்

ஒரு தாளில் நிற்கக்கூடியவை, நிற்கக் கூடாதவை என்று இரண்டு பத்தி பிரித்து எழுதுங்கள்.

முன்சீப் அல்லது நீதித்துறை நடுவராக ஓய்வு பெற்றவர்: முன்சீப் நீதிமன்றம், நடுவர் நீதிமன்றம் கூடாது. சார்பு நீதிமன்றம், தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம் எல்லாம் திறந்தே இருக்கின்றன.

சார்பு நீதிபதியாக ஓய்வு பெற்றவர்: சார்பு நீதிமன்றமும் அதற்குக் கீழே உள்ளவையும் கூடாது. தலைமைக் குற்றவியல் நடுவரும் சார்பு நீதிபதி நிலையில் உள்ளவர்தான், அங்கும் கூடாது. மாவட்ட, அமர்வு நீதிமன்றத்தில் நிற்கலாம். மூன்று நிலைகளில் நடைமுறைக்கு மிகவும் வசதியானது இதுதான். சொந்த மாவட்டத்தை விட்டுப் போகாமலே முதல் மேல்முறையீடுகளையும் அமர்வு வழக்குகளையும் நடத்தலாம்.

மாவட்ட நீதிபதியாக ஓய்வு பெற்றவர்: உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும். மற்றவை பெரும்பாலும் அடைபட்டவை. கூடுதல் மாவட்ட நீதிமன்றம், குடும்ப நல நீதிமன்றம், தொழிலாளர் நீதிமன்றம், மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர் நடத்தும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் எல்லாம் சம நிலைதான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் தலைவரும் மாவட்ட நீதிபதியாக இருந்தவர் அல்லது அதற்குத் தகுதி பெற்றவர். "தீர்ப்பாயம்தானே, நீதிமன்றம் இல்லையே" என்ற வாதம் நிற்காது. விதியில் தீர்ப்பாயம் என்ற சொல்லே இருக்கிறது.

இங்கே ஒரு பொறி. பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், யார் தலைமை வகிக்கிறார் என்று பாருங்கள். ஒரே வகைத் தீர்ப்பாயத்துக்கு ஒரு ஊரில் சார்பு நீதிபதியும் இன்னொரு ஊரில் மாவட்ட நீதிபதியும் இருக்கலாம். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் இது சாதாரணம். சார்பு நீதிபதியாக ஓய்வு பெற்றவருக்கு முதலாவது மூடிய கதவு, இரண்டாவது திறந்த கதவு. வழக்கு ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டால் உங்கள் வக்காலத்தும் கேள்விக்குள்ளாகும். அன்றே வேறு வழக்கறிஞரிடம் கட்டை ஒப்படைத்துவிடுங்கள்.

தென் மாவட்டங்களில் வசிக்கும் மாவட்ட நீதிபதிகளுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பெரிய வசதி. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர் தொடங்கிக் கன்னியாகுமரி வரை அதன் எல்லைக்குள் வருகின்றன. அது தொடங்கிய 2004-க்கு முன்பு என்றால் சென்னைக்குக் குடிபெயர்வதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

நீதிமன்றத்துக்குப் போகாமலே செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. சட்டக் கருத்துரை எழுதுதல், மேல்முறையீட்டு மனு வரைதல், நடுவர் தீர்ப்பாய (ஆர்பிட்ரேஷன்) பணி, சமரசப் பணி. சென்னை உயர் நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005-இலிருந்து இயங்குகிறது. மக்கள் நீதிமன்ற அமர்வுகளுக்கும் ஓய்வு பெற்ற நீதிபதிகளை அழைப்பார்கள். மாவட்டத்தை விட்டு நகர முடியாதவர்கள் இதையே முதன்மையாக வைத்துக்கொள்ளலாம்.

4. பழைய பதிவு உயிரோடு இருக்கிறதா?

நீங்கள் நீதித்துறைப் பணியில் சேருவதற்கு முன் வழக்கறிஞராக இருந்தீர்களா, கல்லூரியிலிருந்து நேரே வந்தீர்களா என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

முன்பே வழக்கறிஞராக இருந்தவர்: பணியில் சேரும்போது பதிவுச் சான்றிதழின் அசலை மாநில பார் கவுன்சிலில் ஒப்படைத்துத் தொழிலை இடைநிறுத்தியிருக்க வேண்டும். அதே 3-வது அத்தியாயத்தின் 5-வது விதி அது. இப்போது நீங்கள் கேட்பது புதிய பதிவு அல்ல, தொழிலைத் தொடர அனுமதி. பார் கவுன்சில் செயலாளருக்கு விண்ணப்பமும், இடைநிறுத்தக் காலத்தில் வழக்கறிஞர்கள் சட்டம் 24ஏ பிரிவின் கீழ் எந்தத் தகுதியிழப்பும் ஏற்படவில்லை என்ற பிரமாணப் பத்திரமும் கொடுக்க வேண்டும். பதிவுக் குழு அனுமதித்தால், உரிய மேற்குறிப்போடு உங்கள் பழைய சான்றிதழையே திருப்பித் தருவார்கள். பதிவு எண்ணும் பழையதுதான்.

இதில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இடைநிறுத்தக் கடிதத்துக்கான ஒப்புகை. ஊர் ஊராக மாற்றலாகி வீடு மாறும் வாழ்க்கையில் அந்தக் கடிதம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான் பழைய பெட்டிகளைப் புரட்டிய நாட்கள் அதிகம். கிடைக்காவிட்டால், பதிவு எண், பதிவு ஆண்டு, பணியில் சேர்ந்த தேதி மூன்றையும் குறிப்பிட்டு எழுத்து மூலம் விவரம் கேளுங்கள். பணியில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றே அந்த ஒப்புகையைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்து வையுங்கள்.

நேரே பணிக்கு வந்தவர்: புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். 60 வயதில் பதிவு செய்ய முடியுமா என்று தயங்க வேண்டாம். 45 வயதைக் கடந்தவர்களைப் பதிவு செய்யக் கூடாது என்று இருந்த பார் கவுன்சில் விதியை உச்ச நீதிமன்றம் 1995-இல் வெளியான தீர்ப்பில் செல்லாது என்று சொல்லிவிட்டது. அகில இந்திய பார் தேர்வு, 2009-10 கல்வியாண்டு முதல் சட்டப் படிப்பு முடித்தவர்களுக்குத்தான். இப்போது ஓய்வு பெறுகிறவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே பட்டம் பெற்றவர்கள். பணியில் இருந்தபோது மாலைக் கல்லூரியில் படித்தவர்கள் தங்கள் பட்டத்தின் ஆண்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு மாநிலத்தில் பதிவு வைத்திருந்தவர், முதலில் தொழில் தொடர அனுமதி பெற்றுப் பிறகு 18-வது பிரிவின் கீழ் பெயரை இங்கே மாற்றலாம். அந்த மாற்றத்துக்குக் கட்டணம் கிடையாது என்று சட்டமே சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஊழல் அல்லது நேர்மையின்மைக் குற்றச்சாட்டில் பணிநீக்கமோ கட்டாய ஓய்வோ பெற்றவருக்குப் பதிவு கிடையாது. 7ஏ விதி நிரந்தரமாகத் தடுக்கிறது. கட்டாய ஓய்வு வேறு காரணத்துக்காக என்றால் அந்த ஆணையின் முழு நகலைத் தயாராக வைத்திருங்கள். "கட்டாய ஓய்வு" என்ற சொல்லைக் கண்டதும் கேள்வி எழும். காரணம் எழுதியிருக்கும் பக்கம் கையில் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

5. ஆவணங்களைச் சேருங்கள்

அலுவலகத்தை விட்டு வெளியேறுவதற்கு முன் வாங்க வேண்டியவை: பணி ஓய்வு ஆணை, பொறுப்பு ஒப்படைத்த சான்று, கடைசியாக வகித்த பதவியைப் பெயரோடும் தேதியோடும் காட்டும் கடிதம், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்ற சான்று. மூன்றாவதுதான் எல்லோரும் மறப்பது. 7-வது விதிப்படி நீங்கள் எங்கே நிற்கலாம் என்று பின்னால் யாராவது ஆட்சேபம் கிளப்பினால் அந்தக் கடிதம்தான் பேசும். பொறுப்புப் பதவியில் இருந்தபோது ஓய்வு பெற்றவர்கள் நிரந்தரப் பதவி எது, கூடுதல் பொறுப்பு எது என்று பிரித்து எழுதி வாங்குங்கள்.

வீட்டிலிருந்து எடுக்க வேண்டியவை: பள்ளிச் சான்றுகள், சட்டப் பட்டம், மதிப்பெண் பட்டியல்கள், பழைய பதிவு எண், ஆதார், பான், முகவரிச் சான்று, புகைப்படங்கள். கட்டணச் சலுகைக்குத் தகுதி உள்ளவர்களுக்குச் சாதிச் சான்று. பெயரின் முன்னெழுத்து பட்டத்தில் ஒருவிதம், ஆதாரில் ஒருவிதம், பணிப் பதிவேட்டில் ஒருவிதம் என்று இருப்பது நம் தலைமுறைக்கு வழக்கம். மூன்றும் ஒரே நபர் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் முன்கூட்டியே எழுதி வைத்தால் ஒரு சுற்று மிச்சம். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிய பெண் அதிகாரிகளுக்கு இது கட்டாயத் தேவை.

ஓய்வூதியம் பற்றி: ஓய்வு பெற்றபின் குறிப்பிட்ட காலத்துக்குள் தொழில் தொடங்க முன் அனுமதி வேண்டுமா என்று உங்களுக்குப் பொருந்தும் ஓய்வூதிய விதிகளைக் காட்டி எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக "பரவாயில்லை சார்" என்று சொன்னவர் அடுத்த மாதம் வேறு பிரிவுக்குப் போயிருப்பார்.

எல்லாவற்றையும் மூன்று தொகுப்பாக நகலெடுங்கள். ஒப்படைக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஒப்புகை வாங்குங்கள். நாம் பதவியில் இருந்த காலத்தில் ஒப்புகை கேட்டுப் பழக்கமில்லை, யாரோ செய்து தந்தார்கள். இனி நாமே கேட்க வேண்டும்.

6. செலவு

புதிய பதிவுக்கு வழக்கறிஞர்கள் சட்டம் 24-வது பிரிவில் உள்ள கட்டணம் மொத்தம் 750 ரூபாய்: மாநில பார் கவுன்சிலுக்கு 600, இந்திய பார் கவுன்சிலுக்கு 150. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். இதற்கு மேல் பதிவுக்கான நிபந்தனையாக வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது. முத்திரைத் தீர்வை தனி. தொழில் தொடரும் விண்ணப்பத்துக்கு எந்தத் தொகை கட்டினாலும் எதற்காக என்று எழுதிய ரசீது வாங்குங்கள்.

உண்மையான செலவு அதற்குப் பிறகுதான். அறை, சட்ட இதழ் சந்தா, மென்பொருள், ஸ்கேனர், வழக்கறிஞர் சங்க உறுப்பினர் கட்டணம். இவை எல்லாவற்றையும்விடப் பெரியது ஜூனியரின் ஊக்கத்தொகை. உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2024-இல் நிர்ணயிக்கப்பட்டபடி சென்னை, மதுரை, கோவையில் குறைந்தபட்சம் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய். கொடுக்க முடியாவிட்டால் ஜூனியர் வைக்காதீர்கள். "நீதிபதியிடம் வேலை கற்கும் வாய்ப்பே சம்பளம்" என்று ஒரு இளைஞரை வெறுங்கையோடு வேலை வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. அறை போடாமல், ஏற்கெனவே உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் ஒரு நண்பரின் அலுவலகத்தில் ஒரு மேசை கேட்டு முதல் ஆண்டை ஓட்டலாம். முதல் ஆண்டு வருமானத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஓய்வூதியத்தில் வீடு நடக்க வேண்டும், தொழில் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டால் போதும் என்று கணக்குப் போடுங்கள்.

7. காலம்

ஓய்வு பெற்ற மறுநாளே விண்ணப்பம் போட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. முதலில் ஓய்வூதிய ஆணை, பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் ஆகியவற்றை முடியுங்கள். அந்தத் தாள்கள் நிலுவையில் இருக்கும்போது இரண்டு அலுவலகத்துக்கும் மாறி மாறி ஓடுவது வீண்.

பதிவுக் குழு கூடும்போதுதான் உங்கள் விண்ணப்பம் பார்க்கப்படும். அடுத்த கூட்டம் எப்போது, அதற்குக் கடைசித் தேதி எது என்று கேட்டுக்கொண்டு அதற்கு முன்பே கொடுங்கள். ஒரு தாள் குறைந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதுதான். மே மாத விடுமுறையையும் கணக்கில் சேருங்கள். ஏப்ரல் இறுதியில் ஓய்வு பெறுகிறவர், ஜூனில் நீதிமன்றம் திறக்கும்போது நிற்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஒரு வக்காலத்தில்கூடக் கையெழுத்துப் போடாதீர்கள். அனுமதிக்கு முன் போட்ட கையெழுத்து உங்கள் கட்சிக்காரரின் மனுவையே பாதிக்கும்.

காத்திருக்கும் மாதங்களை எப்படிப் பயன்படுத்துவது என்பதை 9-வது படியில் சொல்கிறேன்.

8. பெயர்ப்பலகையும் வழக்குகளும்

பார் கவுன்சில் விதிகளின் 36-வது விதியைப் படிக்காமல் பலகை எழுதக் கொடுக்காதீர்கள். பலகையிலோ கடிதத் தாளிலோ நீங்கள் நீதிபதியாக இருந்ததைக் குறிப்பிடக் கூடாது. "மாவட்ட நீதிபதி (ஓய்வு)" என்று அச்சடித்த கடிதத் தாள் வைத்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். பெயர், பட்டம், வழக்கறிஞர், அவ்வளவுதான். நண்பர்கள் அன்பாக அச்சடித்துத் தரும் முகவரி அட்டைக்கும் இதே விதி. திறப்பு விழா அழைப்பிதழ், வாட்ஸ்அப் நிலைப்படம், சங்க விழா பேனர் ஆகியவற்றிலும் அதே கவனம் வேண்டும்.

வழக்கு எடுப்பதில் நான் கடைப்பிடிக்கும் சில வரம்புகளைச் சொல்கிறேன். நான் தீர்ப்பு சொன்ன, ஏன், ஒரு இடைக்கால உத்தரவு மட்டும் போட்ட வழக்கின் மேல்முறையீட்டைக்கூட எடுப்பதில்லை, எந்தத் தரப்புக்கும். என் தீர்ப்பை நானே தாங்கி வாதாடுவதும் தகாது, தாக்கி வாதாடுவதும் தகாது. கட்சிக்காரரின் பெயரை மட்டும் பார்த்தால் இது தெரியாது. அசல் வழக்கு எண்ணையும் நீதிமன்றத்தையும் கேட்டு, அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தீர்களா என்று உங்கள் பணிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இதற்காகவே ஒரு தாளில் எந்த ஊரில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுதி மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருக்கிறேன்.

கடைசியாகப் பணியாற்றிய மாவட்டத்திலிருந்து வரும் மேல்முறையீடுகளைச் சில காலம் தவிர்ப்பதும் நல்லது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அங்கே இருக்கும் நீதிபதி நேற்றுவரை உங்களுக்குக் கீழே வேலை பார்த்தவர். அவர் தீர்ப்பை நீங்கள் உயர் நீதிமன்றத்தில் கிழித்துப் பேசும்போது, அது சட்டமா பழைய மனத்தாங்கலா என்று பார்ப்பவருக்குப் பிரித்தறிய முடியாது.

நீதிமன்ற ஊழியர்களிடம் பழைய உரிமையில் பேசாதீர்கள். ஒரு கட்டு எங்கே இருக்கிறது என்று அறிய உங்களுக்குப் பழைய சிரஸ்தாரின் (நீதிமன்ற அலுவலகத் தலைமை எழுத்தர்) தொலைபேசி எண் தெரிந்திருக்கும். நகல் மனு போட்டு வரிசையில் நில்லுங்கள். அங்கே நிற்கும் மற்ற வக்கீல்கள் எல்லோரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

9. சட்டத்தை மறுபடி படியுங்கள்

2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதற்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு எண்களே புதிது. கொலைக்கு 302 என்று கை தானாக எழுதும். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103. மோசடிக்கு 420 என்று எழுதியது இப்போது 318-இன் 4-வது உட்பிரிவு.

எண் புதிதாக இருந்தால்கூடப் பரவாயில்லை. பழைய எண்ணே வேறு பொருளில் வருவதுதான் ஆபத்து. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482 முன்ஜாமீன். ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. பழைய 144 தடை உத்தரவு. புதிய 144 மனைவி, குழந்தை, பெற்றோருக்கான ஜீவனாம்சம். தலைப்பில் தவறான எண் போட்ட மனு பதிவாளர் அலுவலகத்திலேயே திரும்பும். பழைய சம்பவத்துக்குப் பழைய சட்டம், புதிய சம்பவத்துக்குப் புதிய சட்டம் என்று இரண்டும் சில ஆண்டுகள் கூடவே ஓடும். ஆகவே பழையதை மறக்கவும் முடியாது.

பின்பு மின்னணுத் தாக்கல். தளத்தில் உங்கள் பதிவு எண், கைப்பேசி, மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டும். அனுமதி கிடைத்த வாரமே இதைச் செய்யுங்கள். மனுவைத் தேடக்கூடிய பிடிஎஃப் ஆக மாற்றுவது, பக்க எண், பக்கக் குறி போடுவது ஆகியவற்றை ஒரு இளம் வழக்கறிஞரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். நாம் மேடையில் இருந்தபோது நகல் எழுத்தரும் சுருக்கெழுத்தரும் செய்த வேலை இது.

முதல் சில மாதங்கள் உயர் நீதிமன்ற அறைகளின் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். தீர்ப்பு எழுதுகிறவர் இரு தரப்பையும் சமமாக அடுக்கிப் பேசுவார். வாதாடுகிறவர் முதல் இரண்டு நிமிடத்துக்குள் தன் முக்கியமான புள்ளியை வைத்தாக வேண்டும். நம்மில் பலரும் வாதத்தைத் தீர்ப்பு போலத் தொடங்கி, சம்பவங்களை வரிசையாகச் சொல்லி, நீதிபதி "உங்கள் வாதம் என்ன?" என்று கேட்கும் வரை போய்விடுகிறோம். எழுதிப் பழகினால் ஒழிய இது மாறாது.

10. வரியும் சேமநல நிதியும்

ஓய்வூதியம் மட்டும் இருந்தபோது போட்ட எளிய சஹஜ் படிவம் தொழில் வருமானம் வந்தபின் ஆகாது. நிறுவனங்கள் கட்டணத்தில் 10 சதவீதம் வரி பிடித்துக் கொடுக்கும்; அதை ஆண்டு முடிவில் சரிபாருங்கள். மொத்தக் கட்டணத்தில் பாதியை வருமானமாகக் காட்டும் உத்தேச முறை சிறிய தொழிலுக்குப் பொருத்தமாக இருக்கும். முதல் ஆண்டே ஒரு கணக்காளரிடம் காட்டிவிடுங்கள்.

வழக்கறிஞர் சேமநல நிதியை நம்பிக் குடும்பத்துக்குத் திட்டம் போடாதீர்கள். தமிழ்நாடு வழக்கறிஞர்கள் சேமநல நிதிச் சட்டம், 1987-இன் 16-வது பிரிவில் உள்ள விளக்கப்படி, ஓய்வூதியமோ பணிக்கொடையோ வேறு ஓய்வுகாலப் பலனோ பெறும் வழக்கறிஞர் இறந்தால் வாரிசுக்கு அந்த நிதியிலிருந்து தரும் மொத்தத் தொகை கிடையாது. இந்த விலக்கு பாகுபாடு என்று வழக்குத் தொடர்ந்தார்கள். செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சேஷாசலம் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் குடும்ப ஓய்வூதிய நியமனத்தைத் தொழில் தொடங்கும் முன்பே சரிபார்த்து, துணைவரின் பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எல்லாம் ஓய்வூதிய ஆணையில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிழை இருந்தால் நீங்கள் இருக்கும்போதே திருத்துவது எளிது. மருத்துவக் காப்பீட்டையும் ஓய்வூதியர் திட்டத்திலேயே தொடருங்கள். வழக்கறிஞர் சங்கக் காப்பீடு கிடைக்கும் என்று நினைத்து அதைக் கைவிட வேண்டாம்.